உயிரோட இருக்கோ?

லைனில சிக்கின ஒரு சுறாவைப் பற்றி எங்கட படகுக் கப்டன், ஸ்கிப்பர், கேட்டது ஒரே ஒரு கேள்வி, "உயிரோட இருக்கோ?" நான் "ஓம்" எண்டன். நடந்தது அவ்வளவுதான். ஆனா இதை நான் கனபேரிட்ட சொல்லி, ஒவ்வொருக்காவும் ஒவ்வொரு விதமாச் சொல்லி, இப்ப எது நடந்தது எது நான் பேந்து சேர்த்தது எண்டு எனக்கே பிரிக்கக் கஷ்டமாக் கிடக்கு, அதால மறக்க முந்தி எழுதி வைப்பம் எண்டு பாக்கிறன்.

நோர்வேயின்ர வடக்கில, பின்மார்க்கில மீன் ஆலையில நிண்ட எங்கட ஆக்களுக்கு இந்த வேலை பற்றி விளக்கத் தேவையில்லை. நான் ஆலையை விட்டுட்டு லைன் படகுக்கு, நீளக் கயிறில வரிசையாக் கொளுக்கி கட்டி மீன் பிடிக்கிற படகுக்கு, வந்தவன். கரடித்தீவுக்கு மேற்கால, கடலடி சரிஞ்சு இறங்குற விளிம்பில, ப்ளோக்வைத்த எண்ட தட்டை மீனுக்கு லைன் போட்டிருந்தனாங்கள், அறுநூறு எழுநூறு மீற்றர் ஆழம். ஜனவரி, அந்தப்பக்கம் சூரியன் வாறேல்ல, பகலும் லைட் வெளிச்சத்திலதான். அடிக்கிற தண்ணி ரெயிலில, படகு ஓரத்துத் தடுப்பில, பட்டவுடன கல்லாயிடும், ஒருத்தன் சுத்தியலோட ஐஸ் உடைச்சுக்கொண்டே நிக்கவேணும். நான் ரெயிலில, கொக்கித்தடியோட. எனக்குப் பக்கத்தில வெஸ்டரோலன்காரக் கிழவர், நாப்பது வருஷமா கடலில நிக்கிறவர், அவரின்ர வாயால ஒரு நல்ல சொல்லு வாறது லேசில்லை.

முதல்ல வந்தது தலைகள். வரிசையா கொளுக்கியில மீன் தலை மட்டும், உடம்பு இல்லை. கிழவர் பாத்துட்டு "கீழ ஆரோ சாப்பிடுறான்" எண்டார். பேந்து வெறும் கொளுக்கி. பேந்து லைன் இறுகத் தொடங்கிச்சு. இழுக்கிற மெஷின் முனகுது, கயிறு முறுகுற சத்தம் கேக்குது, ஸ்கிப்பர் வேகத்தைக் குறைக்கிறார். ஆளுக்கொரு கதை, கல்லு எண்டான் ஒருத்தன், ஆரோ விட்டுட்டுப் போன பழைய லைன் எண்டான் மற்றவன். நான் ஒண்டும் சொல்லேல்ல. லைட் வெளிச்சம் தண்ணிக்குள்ள கொஞ்சத் தூரம்தான் போகும், அதுக்குக் கீழ கறுப்பு, அந்தக் கறுப்பையே பாத்துக்கொண்டு நிண்டன். எவ்வளவு நேரம் எண்டு தெரியாது, கால் விறைச்சுப்போச்சு. கடைசியில அதுக்குள்ள ஒரு இடம் மட்டும் சாம்பல் நிறமா மாறிச்சு, அது பெருத்துக்கொண்டே வந்துது, முடியவே இல்லை.

ஹோஷெரிங். கிரீன்லாந்து சுறா எண்டு தமிழில சொல்லலாம். நான் அதுக்கு முந்தியும் சின்னது கண்டிருக்கிறன், இது அந்தக் கணக்கில்லை. தாய்க் கயிறு வாலைச் சுத்தி நாலைஞ்சு சுத்து, கொளுக்கி வாய் மூலையில. உருண்டு உருண்டு தன்னைத் தானே கட்டிப்போட்டிருக்கு. பக்கவாட்டில மிதந்துகொண்டு கிடந்தது, ஊரில வாடியடியில கவிட்டுப்போட்ட பழைய வள்ளம் மாதிரி, அசையேல்ல. மூத்திர நாத்தம் மேல வருது. தோலெல்லாம் பழைய வெட்டுக் காயம், ஆறி வெள்ளையாப் போன கோடுகள்.

கிழவர் நீளக் கத்தியைக் கையில எடுத்திட்டார். "வாலை எடுத்தா ரெண்டு நிமிஷம்" எண்டார். கொடூரத்தில சொன்னதில்லை அது, அந்தத் தொழிலில பழைய பழக்கம் அதுதான், வாலை வெட்டினா கயிறு தப்பும், கொளுக்கி தப்பும், மீன் தாண்டு போயிடும், வால் இல்லாத சுறா என்னாகும் எண்டு ஆரும் கேக்கிறேல்ல. மற்ற வழி, தாய்க் கயிறை ரெண்டு பக்கமும் பிடிச்சுக் கட்டி, நடுவில வெட்டி, வாலில இருக்கிற சுத்தை ஒவ்வொண்டா அறுத்து, பேந்து கயிறைப் பின்னிப் போடுறது. நல்ல கடலிலயே அரை மணித்தியாலம். எங்களுக்குச் சம்பளம் பங்குக் கணக்கு, அரை மணித்தியாலம் எண்டா அது எல்லாற்ற காசிலையும்தான். வேற, கடல் எழும்பிக்கொண்டு வந்தது.

அப்பத்தான் ஸ்பீக்கரில அந்தக் கேள்வி. "உயிரோட இருக்கோ?"

நான் குனிஞ்சு பாத்தன். செவுள் அசையேல்ல, அல்லது அலையில அசையிறதோ தானா அசையிறதோ எண்டு பிரிக்கேலாது. உடம்பில துடிப்பு இல்லை. கண்ணைப் பாத்தன். சின்னக் கண், அந்த உடம்புக்கு ஒரு கணக்கேயில்லாத கண், அதில என்னமோ அசைஞ்சுது. மெல்லமா, ஒருக்கா, பேந்து இன்னொருக்கா. "ஓம்" எண்டன். ஸ்கிப்பர் கொஞ்சம் பேசாம இருந்தார். "சரி, கயிறை வெட்டுங்கோ."

கிழவர் என்னை ஒரு பார்வை பாத்தார். ஆனா நான் பெல்ட் மாட்டிக்கொண்டு ரெயிலுக்கு வெளிய தொங்கி, தடியில கட்டின கத்தியால வாலடிச் சுத்தை அறுக்கேக்க பின்னால பெல்ட்டைப் பிடிச்சுக்கொண்டு நிண்டது அவர்தான். ஒருக்கா படகு சரிஞ்சு என்ர முழங்கை வரை தண்ணிக்குள்ள போனது, கையுறைக்கு மேலால கை அந்தத் தோலில உரசினது, தோல் கிழிஞ்சது எனக்குத்தான். அதுக்கு ஒண்டுமில்லை. கடைசிச் சுத்து அறுந்ததும் அது அந்த இடத்திலயே கிடந்தது. பேந்து தலைப்பக்கம் கொஞ்சம் சரிஞ்சு, சாம்பல் நிறம் கறுப்பாகி, போட்டுது.

நீந்திப் போனதோ, தாண்டு போனதோ? இதுதான் எனக்குள்ள இன்னும் கிடக்கிற விஷயம். சுறாவுக்குக் காத்துப்பை கிடையாது, செத்ததும் தாழும், உயிருள்ளதும் தாழும். இந்தச் சாதி நீந்திறதே செக்கனுக்கு 34 சென்ரிமீற்றர் கணக்கில எண்டு ஸ்வால்பார்டில கருவி கட்டிவிட்டு அளந்து 2012 இல எழுதியிருக்கினம், அந்த அளவு மீனில இவ்வளவு மெல்லப் போறது வேற இல்லையாம். அப்பிடியெண்டா நான் பாத்தது நீச்சலா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

கண்ணில அசைஞ்சது என்ன எண்டது எனக்குப் பிறகுதான் விளங்கினது. இந்தச் சுறாக்களில கனக்க அதுகளின்ர கண்ணில ஒரு ஒட்டுண்ணி இருக்கும், ஒம்மடோகொய்டா எண்டு பேர், கருவிழியில தன்னைப் பதிச்சுக்கொண்டு சில சென்ரிமீற்றர் நீளத்தில வெளிய தொங்கும், வெளிறின நிறம். படத்தைக் கண்டவுடன வயிறு ஒருக்காப் பிரட்டிச்சு. நான் கண் எண்டு நினைச்சு ஸ்கிப்பருக்குச் சொன்னது அந்தப் பூச்சி அலையில ஆடினதா இருக்கலாம். அடுத்த நாள் கோப்பி குடிக்கேக்க ஸ்கிப்பர் எப்பிடித் தெரிஞ்சது எண்டு கேட்டவர், "கண் அசைஞ்சது" எண்டு சொல்லியிருந்தன். அந்த நேரத்துக்கு அது பொய்யில்லை. இப்பவும் பொய் எண்டு சொல்ல மாட்டன். கண்ணும் அசைஞ்சிருக்கலாமெல்லோ. ரெயிலில கமரா இருக்கு, ஸ்கிப்பருக்கு முன்னால திரை இருக்கு, அவரும் பாத்திருக்கலாம், முடிவு அவற்றை, என்ர இல்லை. இதையெல்லாம் நான் படுக்கையில கிடந்துகொண்டு எனக்கே சொல்லியிருக்கிறன். சரிதான், ஆனா அவர் என்னைத்தானே கேட்டவர். அந்த ஒரு சொல்லு இல்லாட்டி கத்தி வாலில இறங்கியிருக்கும்.

கரைக்கு வந்து வீட்டில சொன்னன். மகன் போனைத் தட்டி, "அப்பா, அது எத்தினை மீற்றர்?" எண்டான். நான் அஞ்சு எண்டன். கிழவர் நாலு எண்டவர், அதையும் சொன்னன். அவன் வாசிச்சுக் காட்டினது இதுதான். கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்து ஜூலியஸ் நீல்சன் ஆக்கள் 28 பெட்டைச் சுறாவின்ர கண்ணை எடுத்துப் பாத்து 2016 இல சயன்ஸ் சஞ்சிகையில எழுதினது. கண் வில்லையின்ர நடுப்பகுதி அது தாயின்ர வயித்துக்குள்ள இருக்கேக்க உருவானது, பிறகு மாறாது, அதில இருக்கிற கார்பன் 14 எண்ட கதிரியக்கக் கார்பனை வைச்சு வயசு கணக்குப் பாத்திருக்கினம். 5.02 மீற்றர் நீளமானதுக்கு 392 வயசு, கூடக் குறைய 120 வருஷம், அதாவது எவ்வளவு குறைச்சாலும் 272. பெட்டை குட்டி போடுற பருவத்துக்கு வரவே கிட்டத்தட்ட 150 வருஷம், அப்ப நீளம் நாலு மீற்றர். வருஷத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் கூட வளராது.

ஆக என்ர அஞ்சு சரியெண்டா போர்த்துக்கீசர் 1619 இல யாழ்ப்பாணத்து ராசா சங்கிலியனைப் பிடிச்சுக்கொண்டு போன காலத்தை ஒட்டிப் பிறந்தது. கிழவற்றை நாலு சரியெண்டா வெள்ளைக்காரன் கொழும்பில ஆண்டுகொண்டிருந்த காலம், இன்னும் ஒரு குட்டியும் போட்டிராத ஒண்டு. நான் கையால காட்டின ஒரு மீற்றர் வித்தியாசத்துக்குள்ள இருநூறு வருஷத்துக்கு மேல கிடக்கு. நான் ரெயிலில நிண்டு இதெல்லாம் நினைக்கேல்ல, அதையும் சொல்லவேணும். சிலபேர் கேக்கினம், அதின்ர வயசு தெரிஞ்சுதானே விட்டனீ எண்டு. இல்லை. வயசு தெரியாது. சின்னதெண்டாலும் "ஓம்" எண்டுதான் சொல்லியிருப்பன் எண்டு சொல்ல ஆசை, ஆனா சின்னதுகள் வந்தபோது நான் என்ன செய்தனான் எண்டு யோசிச்சா, ஆரும் என்னை ஒண்டும் கேக்கேல்ல, நானும் ஒண்டும் சொல்லேல்ல.

இன்னொண்டு. அந்தக் கணக்கை உறுதிப்படுத்த உதவினது அணுகுண்டு. 1950களிலையும் 60களிலையும் வெடிச்ச குண்டுகளால காத்தில கார்பன் 14 கூடி, கடலுக்குள்ள இறங்கி, அதுக்குப் பிறகு பிறந்த மீனின்ர கண்ணில அடையாளமா நிக்குது. அதில பெரிய குண்டு, 50 மெகாதொன், 1961 ஒக்டோபரில நோவாயா ஸெம்லியாவில ரஷ்யாக்காரர் வெடிச்சது, அது எங்கட இதே பாரென்ட்ஸ் கடலின்ர கிழக்கு ஓரம். எங்கட சுறா அப்ப ஏற்கனவே கிழவி. மேல வானம் பத்தி எரிய, அது கீழ எங்கயோ செக்கனுக்கு 34 சென்ரிமீற்றரில போய்க்கொண்டு இருந்திருக்கும், அல்லது எவற்றையோ லைனில தலையை மட்டும் விட்டுட்டு மீனைச் சாப்பிட்டுக்கொண்டு.

கிழவரிட்ட இந்த வயசுக் கதையைச் சொன்னன். மனுசன் சிரிக்கேல்ல. தன்ர தகப்பன் இதே மீனை ஈரலுக்காகப் பிடிச்சவராம், 60கள் மட்டும் நோர்வேயில அது ஒரு தொழில், ஈரல் எண்ணெய்க்கு விலை இருந்தது, இறைச்சி பச்சையாச் சாப்பிட்டா நஞ்சு, நாய்க்குப் போட்டாலும் வெறிச்ச நாயா விழும், அதால ஈரலை எடுத்துட்டு மிச்சத்தைக் கடலில தள்ளிவிடுறது. "அதுகளுக்கும் முந்நூறு வயசுதானே, என்ர அப்பாவை என்ன செய்யச் சொல்லுறாய்?" எண்டார். அவையின்ர வீட்டுச் சாப்பாடு அந்த ஈரலிலதான் வந்தது. நான் பதில் சொல்லேல்ல. எனக்கும் பதில் இல்லை, நான் திங்கிறதும் இந்தக் கடலிலதானே. 2022 இல அட்லாண்டிக்கின்ர மேற்குப் பக்கச் சர்வதேசக் கடலில இதை வைச்சிருக்கக்கூடாது எண்டு நாஃபோ, அந்தப் பக்கத்து மீன்பிடியைக் கவனிக்கிற சர்வதேச அமைப்பு, சட்டம் கொண்டு வந்ததைச் சொன்னன், "அது அங்கால" எண்டிட்டு ஐஸ் உடைக்கப் போட்டார்.

இப்ப பெரிசா ஏதும் வந்தா ஸ்கிப்பர் என்னைத்தான் கூப்பிடுறார், நித்திரையில கிடந்தாலும் எழுப்புவினம், "உன்ர சொந்தக்காரர் வந்திருக்கு" எண்டு கிழவர் கதவில தட்டுவார். நான் போய்க் குனிஞ்சு பாப்பன். பாத்தாலும் தெரியாது எண்டது எனக்குத் தெரியும், ஸ்கிப்பருக்கும் தெரியுமெண்டுதான் நினைக்கிறன், கேக்காம விட்டா பொறுப்பு அவற்றை தலையில, கேட்டா என்ர தலையில. ஒருக்கா பாதி உடம்பு இல்லாம வந்தது ஒண்டு, மற்றச் சுறாக்கள் தின்ட மிச்சம், அதுக்கும் கேட்டார். கிழவர் வாயைப் பொத்திக்கொண்டு நிண்டார்.

மனுசி சொல்லுறா ரெயில் வேலையை விட்டுட்டு உள்ள மீன் வெட்டுற பக்கம் போ எண்டு, குளிர் இல்லை, கடலில விழுற பயமும் இல்லை. அங்க ஒரே பக்கம் குனிஞ்சு நிண்டா எனக்குத் தோள்மூட்டு நோகும், டொக்டரும் அப்பிடித்தான் சொன்னவர். தோளுக்காகத்தான் ரெயிலில நிக்கிறன், சுறாவுக்காக இல்லை எண்டு அவவுக்குச் சொல்லியிருக்கிறன்.