மேலே தேக்கு, உள்ளே வேறு பலகை

டென்மார்க்கில் பழைய மரச்சாமான்களைச் சீர்செய்யும் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறேன். 1950, 60களின் தேக்கு சைட்போர்டுகளை, அதாவது இழுப்பறையும் கதவும் கொண்ட நீளமான தாழ்ந்த அலமாரிகளை, கொண்டுவருபவர்களில் பலர், அவை முழுத் தேக்கில் இழைத்தவை என்றே நம்பி வருகிறார்கள். மேற்பரப்பில் இருப்பது ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத வெனீர் என்னும் மரத்தாள், உள்ளே இருப்பது மரச்சட்டங்களை ஒட்டிச் செய்த பிளாக்போர்டோ மரச்சில்லுகளைப் பசையிட்டு அழுத்திய சிப்போர்டோதான் என்று இழுப்பறையை உருவிக் காட்டியதும் அவர்கள் முகம் வாடிவிடும். நிலை, கதவு, உத்தரம் என்று முழு மரமாகவே தேக்கைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த வாட்டம் எளிதில் புரியும். எனக்கோ அதில் உடன்பாடில்லை.

இரண்டு மீட்டர் நீளமுள்ள மேற்பலகையை முழு மரத்தில் செய்து, குளிர்காலம் முழுவதும் சூடேற்றிய அறையின் வறண்ட காற்றில் வைத்தால், அது சுருங்கி வளையவோ வெடிக்கவோ வாய்ப்பு மிகுதி; வெனீர் ஒட்டிய பலகையில் அந்த அசைவு மிகக் குறைவு. ஒரே கட்டையிலிருந்து அடுத்தடுத்துச் சீவிய தாள்களை வரிசை மாறாமல் ஒட்டுவதால்தான், நல்ல சைட்போர்டின் முகப்பு முழுவதும் மரத்தின் ரேகை அறுபடாமல் ஓடுகிறது. வலு வேண்டிய கால்களுக்கும் அடிபடும் விளிம்புகளுக்கும் பெரும்பாலும் முழுத் தேக்கையே பயன்படுத்தினார்கள். எந்த மரம் எங்கே வேண்டும் என்று தெரிந்து செய்த வேலை அது; மலிவுக்காகச் செய்த ஏமாற்று என்று சொல்ல என் மனம் ஒப்பாது.

அந்த மெல்லிய தாள்தான் எங்கள் வேலையின் எல்லையும்கூட. ஈரக் குவளை பதித்த வெள்ளை வளையத்தைப் போக்க இயந்திரத்தால் தேய்த்தால், சில நொடிகளில் வெனீர் கரைந்து அடிப்பலகை தெரிந்துவிடும். அதன்பின் எந்த எண்ணெயும் உதவாது. ஆகவே பழைய பூச்சைக் கரைப்பானால் கழுவி, நுண்ணிய உப்புத்தாளைக் கையால், ரேகை ஓடும் திசையில் மட்டும் இழுக்கிறோம். கிளம்பி நிற்கும் வெனீரைப் படியவைப்பது இன்னும் நுட்பமானது. விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சும் வஜ்ஜிரப் பசை என்றால் சூட்டுக்கு இளகும்; அக்காலத் தொழிற்சாலைகள் பயன்படுத்திய யூரியா பார்மால்டிஹைடு பசை இளகாது. தேக்கிலேயே எண்ணெய் ஊறியிருப்பதால், புதுப்பசை இடும் முன் அசிட்டோனால் துடைத்து, அது மீண்டும் கசிவதற்குள் ஒட்டியாக வேண்டும்.

1924 முதல் கோபன்ஹேகன் அரச கலைக்கழகத்தில் மரச்சாமான் வடிவமைப்பைக் கற்பித்த காரே கிளிண்ட், வீட்டில் புழங்கும் பாத்திரங்களையும் துணிகளையும் அளந்து, அந்த அளவுகளிலிருந்தே அலமாரியை வரைந்தார். அந்த வழக்கத்தின் தொடர்ச்சியைச் சைட்போர்டின் ஆழமில்லாத மேல் இழுப்பறையில் காண்கிறேன்: கரண்டியும் முட்கரண்டியும் கிடக்க வேண்டிய ஆழம், அவ்வளவுதான். டேனிஷ் வடிவமைப்பாளர் ஆர்னெ வொடர், சிபாஸ்ட் என்ற மரச்சாமான் நிறுவனத்துக்கு வரைந்த 29ஆம் எண் மாதிரியில் நகரும் கதவுகளைக் கழற்றித் திருப்பிப் போடலாம்; ஒரு பக்கம் தேக்கு, மறுபக்கம் வண்ணம்.

இன்றோ சைட்போர்டின் மேல் தொலைக்காட்சிதான் வைக்கிறார்கள். கம்பி போகப் பின்பலகையில் துளை போடச் சொல்கிறார்கள். சிலவற்றை அறையின் நடுவிலும் நிறுத்தலாம் என்பதற்காகப் பின்புறத்துக்கும் தேக்கு வெனீர் ஒட்டியிருக்கும். அப்படிப்பட்டதில் நான் துளையிடுவதில்லை. பின்பலகை திருகாணியில் நின்றால் அதைக் கழற்றிப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லி, அதே அளவில் சாதாரண ஒட்டுப்பலகை வெட்டிப் பொருத்தித் தருகிறேன். துளை அதில் எத்தனை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும்.