ஆரஞ்சு பறிக்காத ஊரும் மயால் ஓடையும்

சிட்னியில் நாங்கள் இருக்கும் டூங்காபி பக்கம் தமிழ்க் கடைக்குப் பஞ்சமில்லை. முருங்கைக்காயும் இடியாப்ப மாவும் நடந்து போய் வாங்கி வரலாம். கொஞ்சம் தள்ளி பெமுல்வை என்று ஒரு புறநகர் இருக்கிறது. வீடு தேடி அலைந்த காலத்தில் அங்கேயும் இரண்டு வீடு பார்த்தோம். 'நல்ல ஏரியா, விலைதான் ஜாஸ்தி' என்பதற்கு மேல் அந்தப் பெயரைப் பற்றி நான் யோசித்ததில்லை.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள்தான் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள். "ப்பா, பெமுல்வைங்கறது ஒரு பூர்வகுடி ஆளு. வெள்ளைக்காரங்களை எதிர்த்துச் சண்டை போட்டவர். 1797ல நம்ம டூங்காபி பண்ணையைத் தாக்கியிருக்கார். 1802ல அவரைச் சுட்டுக் கொன்னு, தலையை வெட்டி இங்கிலாந்துக்கு அனுப்பிட்டாங்க." சொல்லிவிட்டு அப்பளம் கேட்டாள்.

அவள் பாடத்தில் அடுத்து வந்த பெயர் மயால் கிரீக், ஓர் ஓடையின் பெயர். அங்கே போகவேண்டும் என்றாள். வரைபடத்தில் பார்த்தால் சிட்னியிலிருந்து வடக்கே அறுநூறு கிலோமீட்டர் பக்கம். மே மாதக் கடைசியில் ஒரு வாரயிறுதியில், புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு மூவரும் கிளம்பினோம்.

வழியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஹாக்ஸ்பரி ஆற்றைத் தாண்டி, ஹண்டர் பள்ளத்தாக்கில் மலையையே குடைந்து வைத்திருக்கும் நிலக்கரிச் சுரங்கங்களைத் தாண்டி, டாம்வொர்த்தில் இரவு தங்கினோம். மறுநாள் காலை அங்கே இருக்கும் பெரிய தங்கக் கிடார் முன்னால் எல்லாரும் எடுப்பதுபோல ஒரு படம். அப்புறம் மனில்லா, பராபா வழியாகப் பிங்கரா.

பிங்கரா சின்ன ஊர். குவைடர் ஆற்றங்கரை. 1936இல் கிரேக்கக் குடியேறிகள் கட்டிய ராக்ஸி என்ற திரையரங்கு இன்னும் பளபளவென்று நிற்கிறது. எங்களை நிறுத்தி வைத்தது அது அல்ல, ஃபின்ச் தெரு. தெருவின் நடுவே வரிசையாக ஆரஞ்சு மரங்கள், கிளை தாழக் காய்த்துப் பழுத்துக் கிடந்தன. வேலி இல்லை, காவல் இல்லை, ஒரு பழம்கூடப் பறிபட்டதாகத் தெரியவில்லை. உலகப் போர்களில் இறந்த ஊர்ப் பிள்ளைகளின் நினைவாக நட்ட மரங்கள் அவை. பார்த்துக்கொள்வது ஊர்க் குழந்தைகளின் பொறுப்பு. வருடத்துக்கு ஒருமுறை விழா வைத்து அந்தக் குழந்தைகளே பறிக்கும்வரை பெரியவர்களும் கை வைப்பதில்லை. எங்கள் ஊரில் கோயில் நந்தவனத்துக்கே சுவர்மேல் கண்ணாடிச் சில் பதித்திருப்பார்கள். இறந்தவர்களை நினைவில் வைத்துக்கொள்வது எப்படி என்று நன்றாகத் தெரிந்த ஊர் இது என்று நினைத்துக்கொண்டேன்.

அங்கிருந்து டெலுங்ரா போகும் சாலையில் இருபது கிலோமீட்டர் சொச்சம் போனால் மயால் கிரீக் நினைவிடம். வண்டியை நிறுத்தினால் எங்களைத் தவிர யாருமில்லை. யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே பாம்பு நெளிவதுபோல ஒரு செம்மண் நிறப் பாதை போகிறது. வழிநெடுக ஏழு பாறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பலகை, அதில் இந்தப் பகுதிப் பூர்வகுடிகளின் கமிலராய் மொழியிலும் ஆங்கிலத்திலும் கதையின் ஒரு துண்டு. மகள் ஆங்கிலத்தை உரக்கப் படித்துக்கொண்டே நடந்தாள். கமிலராய் வரிகளையும் எழுத்துக் கூட்டிப் பார்த்தாள். சரியா தப்பா என்று சொல்ல அங்கே ஆளில்லை.

கதை இதுதான். இந்த நிலம் கமிலராய் மக்களில் விர்ரயராய் என்ற பிரிவினருடையது. 1830களில் ஆடுமாடுகளோடு வெள்ளைக்காரர்கள் வடக்கே ஏறி வந்து ஆற்றோர மேய்ச்சல் நிலத்தையும் நீர்நிலைகளையும் பிடித்துக்கொண்டார்கள். முதலாளிகள் தொலைவில் வசதியாக இருக்க, காட்டில் மாடு மேய்த்தவர்கள் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள். மயால் கிரீக் பண்ணை ஹென்றி டாங்கர் என்பவருடையது. பண்ணைக் குடில்களுக்குப் பக்கத்தில் முப்பத்தைந்து பேர் போல விர்ரயராய் மக்கள் சில வாரங்களாகத் தங்கியிருந்தார்கள். சுற்றிலும் நடந்துகொண்டிருந்த கொலைகளுக்குப் பயந்து, இங்கே பாதுகாப்பு என்று நம்பி வந்தவர்கள். அவர்களை வரச் சொன்னதே சார்லஸ் கில்மைஸ்டர் என்ற மாட்டுக்காரன்தான். மாலையில் அவர்களோடு ஆடிப் பாடிப் பழகியவன்.

1838 ஜூன் 10, ஞாயிற்றுக்கிழமை. பண்ணையின் மேற்பார்வையாளர் வில்லியம் ஹாப்ஸ் வெளியே போயிருந்தார். இளைஞர்கள் பத்துப் பேர் பக்கத்துப் பண்ணைக்கு மரப்பட்டை உரிக்கப் போயிருந்தார்கள். மிச்சமிருந்தவர்கள் கிழவர்கள், பெண்கள், குழந்தைகள். பிற்பகலில் குதிரைகளில் பதினொரு பேர் வந்தார்கள். பயந்து குடிலுக்குள் ஓடியவர்களை இழுத்து ஒரே நீளக் கயிற்றில் கட்டினார்கள். கில்மைஸ்டரும் குதிரை ஏறி அவர்களோடு சேர்ந்துகொண்டான். குடிலைப் பார்த்துக்கொள்ளும் ஜார்ஜ் ஆண்டர்சன் என்ற கைதி மட்டும் வரமாட்டேன் என்று நின்றுவிட்டான். கட்டப்பட்டவர்களைச் சரிவுக்கு அந்தப் பக்கம் ஓட்டிப் போனார்கள். ஆண்டர்சன் காதில் விழுந்தது இரண்டே இரண்டு வெடிச் சத்தம். மிச்சம் எல்லாம் வாளால். செத்தவர்கள் 28 பேர் என்பது கணக்கு.

அன்று இரவு திரும்பி வந்த அந்தப் பத்து இளைஞர்களை ஆண்டர்சன்தான் ஓடிவிடச் சொன்னான். இரண்டு நாள் கழித்துக் கொலைகாரர்கள் வந்து உடல்களை எரித்தார்கள்.

இந்த இடத்தில் நான் ஒரு பாறைமேல் உட்கார்ந்துவிட்டேன். இந்த நாட்டில் இப்படி நடந்தது இது ஒன்றுதான் என்றால் அதிர்ச்சி ஒரு மாதிரி இருக்கும். ஆனால் அதே வருடம், ஜனவரி 26இல், இங்கிருந்து வெகுதொலைவில்லாத வாட்டர்லூ கிரீக்கில், மேஜர் நன் தலைமையில் அரசாங்கத்தின் குதிரைப்படையே கமிலராய் மக்களைச் சுட்டுக் கொன்றது. அதற்காக யாரும் தண்டனை பெறவில்லை. லிண்டல் ரயன் என்ற வரலாற்றாசிரியர் தலைமையில் நியூகாஸில் பல்கலைக்கழகம் தயாரித்த படுகொலை வரைபடத்தில் 400க்கும் மேற்பட்ட இடங்கள் இருக்கின்றன. மகள் கைப்பேசியில் அதைத் திறந்து காட்டினாள். பெரிதாக்கப் பெரிதாக்கப் புள்ளி புள்ளியாக விரிந்துகொண்டே போனது.

மயால் கிரீக் தனியாகத் தெரிவதற்குக் காரணம் கொலை அல்ல, வழக்கு. திரும்பி வந்த ஹாப்ஸ் விஷயத்தை மூடி மறைக்கவில்லை. டேவி என்ற பூர்வகுடி இளைஞன் இடத்தைக் காட்ட, அவர் போய்ப் பார்த்தார். குதிரைக் குளம்புத் தடங்களோடு வெறுங்காலடித் தடங்கள், அவற்றில் சிறு பிள்ளைகளின் தடங்களும் இருந்தன. போன தடம் உண்டு, திரும்பிய தடம் குதிரைகளுக்கு மட்டும்தான். புகார் ஆளுநர் கிப்ஸ் வரை போனது. டென்னி டே என்ற மாஜிஸ்திரேட் அலைந்து திரிந்து பதினொரு பேரைப் பிடித்தார். பன்னிரண்டாவது ஆள் ஜான் ஃப்ளெமிங். அந்தக் கூட்டத்திலேயே கைதியாக வராத சுதந்திரக் குடிமகன் அவன் ஒருவன்தான். அவன் தப்பிவிட்டான்.

பண்ணை முதலாளிகள் பணம் திரட்டி வக்கீல் வைத்தார்கள். ஹாப்ஸை டாங்கர் வேலையைவிட்டு நீக்கினார். நவம்பர் 15இல் முதல் விசாரணை. கிழவர் ஒருவரைக் கொன்றதாகக் குற்றச்சாட்டு. அவர் பெயர் ஆவணத்தில் 'டாடி'. பண்ணையில் வைத்த பெயர். அவருடைய சொந்தப் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. எரிந்த உடல் அவருடையதுதானா என்ற சந்தேகத்தைச் சொல்லி ஜூரி இருபது நிமிடத்துக்குள் எல்லாரையும் விடுதலை செய்தது. அட்டர்னி ஜெனரல் பிளங்கெட் விடவில்லை. ஏழு பேரை மட்டும், ஒரு குழந்தையைக் கொன்ற குற்றத்துக்காகத் திரும்பக் கூண்டில் ஏற்றினார். ஆண்டர்சன் மறுபடி சாட்சி சொன்னான். டிசம்பர் 18இல் ஏழு பேரும் சிட்னியில் தூக்கிலிடப்பட்டார்கள், கில்மைஸ்டர் உட்பட.

தூக்குக்கு முன்னால் அவர்கள் சிறை அதிகாரியிடம் சொன்னதுதான் என்னை அதிகம் தொந்தரவு செய்தது. கொன்றது உண்மைதான், ஆனால் இது சட்டப்படி குற்றம் என்று எங்களுக்குத் தெரியாது, இங்கே வழக்கமாக நடப்பதுதானே என்றார்களாம். பொய் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

மிச்ச நான்கு பேர்? அவர்களுக்கு எதிராக டேவியின் சாட்சியம் தேவைப்பட்டது. பைபிள்மேல் சத்தியம் செய்யும் கிறிஸ்தவன் அல்லாததால் பூர்வகுடி ஒருவரின் சொல்லை அன்றைய நீதிமன்றம் ஏற்காது. அவனுக்கு மதம் கற்பித்துச் சாட்சி ஆக்கலாம் என்று பார்த்தார்கள். அதற்குள் டேவி காணாமல் போய்விட்டான். நான்கு பேரும் வெளியே வந்தார்கள்.

"அப்போ ஆண்டர்சன் பயந்துட்டு சும்மா இருந்திருந்தா?" என்றாள் மகள். வரைபடத்திலிருக்கும் மற்றப் புள்ளிகளைப் போல இதுவும் ஆகியிருக்கும். செத்தவர்களின் சொந்தக்காரர்கள் கண்ணால் பார்த்திருந்தாலும் சட்டத்துக்கு அவர்கள் சாட்சி இல்லை. இந்தத் தூக்கிலிருந்து மற்றவர்கள் படித்த பாடம் கொல்லக்கூடாது என்பதல்ல, வெளியே தெரியாமல் கொல்லவேண்டும் என்பதுதான் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். மாவில் விஷம் கலந்து கொடுத்த கதைகள் பல ஊர்களில் உண்டு.

பாதை முடியும் மேட்டில், பள்ளத்தைப் பார்த்தபடி பெரிய கருங்கல் ஒன்று நிற்கிறது. 1960களில் பிங்கரா மனிதர் ஒருவர் நினைவுச்சின்னம் வைக்க முயன்றபோது ஊரே எதிர்த்தது. ஆரஞ்சு மரங்களைக் கண்ணாகக் காக்கும் அதே ஊர்தான். 2000 ஜூன் 10இல்தான் இந்தக் கல் வந்தது. கொல்லப்பட்டவர்களின் வழிவந்தவர்களும் கொன்றவர்களின் வழிவந்தவர்களும் சேர்ந்து நின்று திறந்தார்கள். 2005இல் யாரோ வந்து பலகைகளில் 'கொலை', 'பெண்கள்', 'குழந்தைகள்' என்ற சொற்களை மட்டும் தேடிச் சிதைத்துவிட்டுப் போனார்கள். நன்றாகப் படித்துப் பார்த்துவிட்டுச் செய்த வேலை. இப்போது சரிசெய்துவிட்டார்கள். அன்று கொலைகாரர்கள் பக்கம் நின்று எழுதிய சிட்னி ஹெரால்டு பத்திரிகை 185 ஆண்டு கழித்து, 2023இல் மன்னிப்புக் கேட்டது.

மனைவி கல்லைத் தொடாமல் கொஞ்சநேரம் நின்றாள். கட்டி வந்த புளிசாதத்தை அங்கே பிரிக்க யாருக்கும் மனம் வரவில்லை. பிங்கரா ஆற்றங்கரைக்கு வந்துதான் சாப்பிட்டோம்.

திரும்பும் வழியில், இருட்டிய பிறகு ஹாக்ஸ்பரி பாலம் வந்தது. தப்பிப்போன ஜான் ஃப்ளெமிங் கடைசிவரை இந்த ஆற்றுக்கரை ஊரில்தான் இருந்திருக்கிறான். விவசாயம் செய்து, கெளரவ நீதிபதியாகவும் ஆகி, 1894இல் மூப்படைந்து செத்தான். இதை மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து மகள் கேட்டாள்.

"ப்பா, போன வருஷம் படகுல பிக்னிக் போனோமே, இந்த ஆத்துல ஒரு தீவு. அது பேரு டாங்கர் ஐலண்டுதானே? இவருதானா அவரு?"

"அவரோட மகன்," என்றேன். "மகன் வாங்கின தீவு."

அன்று எடுத்த படங்கள் இன்னும் என் கைப்பேசியில் இருக்கின்றன. ஒன்றில் மூவரும் சிரித்துக்கொண்டு நிற்கிறோம். பின்னால் தீவின் பெயர்ப்பலகை.