ரீடி கிரீக் என்று எழுதிய வரைபடங்கள்

2023 மார்ச் முதல் வாரத்துத் திங்கட்கிழமை. மறுநாள் ஒப்புதலுக்கு அனுப்ப வேண்டிய வடிகால் வரைபடங்களை அடுக்கி வைத்திருந்தேன். மொத்தம் 46 தாள்கள். ஒவ்வொரு தாளின் வலது கீழ் மூலையிலும் ‘ரீடி கிரீக் மேம்பாட்டு மாவட்டம்’ என்று அச்சாகியிருந்தது. எங்கள் அலுவலகத்தின் மூத்த பொறியாளர் வந்து முதல் தாளை எடுத்துப் பார்த்தவர், பேசாமல் அந்தப் பெயரின் மேல் விரலை வைத்தார். அந்தப் பெயர் ஒரு வாரத்துக்கு முன்பே போய்விட்டது. பிப்ரவரி 27 அன்று ஃபுளோரிடா ஆளுநர் ரான் டிசாண்டிஸ் போட்ட கையெழுத்தில் அது ‘மத்திய ஃபுளோரிடா சுற்றுலா மேற்பார்வை மாவட்டம்’ ஆகியிருந்தது. செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்தவன்தான் நான். என் தாளிலும் அது மாறியாக வேண்டும் என்று மட்டும் தோன்றவேயில்லை.

ஆர்லாண்டோவில் வடிகாலும் மழைநீர்க் குளங்களும் வடிவமைத்துக் கொடுக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை பார்த்தேன். டிஸ்னி வேர்ல்டு எல்லைக்குள் ஒரு வாகன நிறுத்தத்தை அகலப்படுத்தினாலும், அதன் மழைநீர் எங்கே போகும் என்று கணக்குக் காட்டி அனுமதி வாங்க வேண்டியது இந்த மாவட்டத்திடம்தான். மாவட்டம் என்றதும் கலெக்டர் அலுவலகத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஃபுளோரிடாவில் கொசு ஒழிப்புக்கு, நூலகத்துக்கு, குடிநீருக்கு என்று 1,800க்கும் மேற்பட்ட சிறப்பு மாவட்டங்கள் உண்டு. ஒரு குறிப்பிட்ட பரப்புக்குள் வரி வசூலித்து, கடன் பத்திரம் வெளியிட்டு, ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் அமைப்புகள் அவை. ரீடி கிரீக்கிடம் மட்டும் ஏறக்குறைய எல்லா வேலையும் இருந்தது. சாலை, கழிவுநீர், மின்சாரம், குப்பை, தீயணைப்பு, கட்டட விதிகள் எல்லாம் அதன் கையில். அணுமின் நிலையமும் விமான நிலையமும் அமைத்துக்கொள்ளக்கூடச் சட்டத்தில் இடம் இருந்தது.

இந்த வேலையில் சேர்ந்த புதிதில் என்னை மிகவும் ஈர்த்தவை அங்கிருந்த கால்வாய்கள். 1960களில் வால்ட் டிஸ்னி வெவ்வேறு பெயர்களில் நிறுவனங்கள் வைத்து வாங்கிய நிலத்தில் பெரும்பகுதி சதுப்பு. ரீடி கிரீக் ஓடை அதன் ஊடே தெற்கே இறங்கி, கிஸ்ஸிம்மீ ஏரிகளின் வழியாக ஓக்கிச்சோபீ ஏரியைச் சேருகிறது. மேலே தவறு செய்தால் கீழே ஊர் மூழ்கும். நீர்ப்பணிகளைப் பார்த்துக்கொண்டவர் ஜோ பாட்டர். ராணுவத்தில் மேஜர் ஜெனரலாக இருந்தவர், பனாமா கால்வாய் மண்டலத்தின் ஆளுநராகவும் இருந்தவர். கால்வாய்களை அளவுகோல் வைத்த மாதிரி நேராக வெட்டாமல், ஓடை போகிற போக்கில் வளைத்து வெட்டினார்கள். மதகுகள் மிதவையில் இயங்குபவை. நீர்மட்டம் ஏறினால் மிதவை எழும்பும், மதகு திறக்கும். மட்டம் இறங்கினால் தானாக மூடிக்கொள்ளும்.

என் அப்பா பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏரி மதகின் ஷட்டர் சாவியோடு மழை ராத்திரிகளில் சைக்கிளில் கிளம்பிப் போவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். இந்த மதகைப் பற்றித் தொலைபேசியில் சொன்னபோது அவர் நம்பவில்லை.

“ஆளே வேணாமாப்பா?”

“வேணாம்ப்பா. தண்ணியே திறந்துக்கும்.”

“குப்பை வந்து அடைச்சா?”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பிறகு ஆட்கள் படகில் போய் எடுப்பதைப் பார்த்தேன். மறக்காமல் அவரிடம் சொன்னேன்.

2022 ஏப்ரலில் எல்லாம் கலங்கியது. தொடக்கப் பள்ளிகளில் பாலியல் சார்பு, பாலின அடையாளம் பற்றிய பாடங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் மார்ச் 28 அன்று கையெழுத்தானது. ஊழியர்களின் நெருக்கடிக்குப் பிறகு டிஸ்னி நிறுவனம் அதை வெளிப்படையாக எதிர்த்தது. மூன்று வாரம் கழித்து, தேர்தல் தொகுதிகளைத் திருத்திப் போடக் கூட்டியிருந்த சிறப்புக் கூட்டத்தில் இன்னொரு மசோதா வந்து சேர்ந்தது. 1968 அரசியல் சாசனத்துக்கு முன் உருவாகி, பின்னர் மறு ஒப்புதல் பெறாத தனி மாவட்டங்களைக் கலைப்பது என்றது அது. மாநிலம் முழுக்க அந்த வலையில் சிக்கியவை ஆறு. யாருக்காக விரித்த வலை என்பதை யாரும் மறைக்கவில்லை. ஏப்ரல் 19 அன்று அறிவித்தார்கள், 20 அன்று செனட், 21 அன்று கீழவை, 22 அன்று கையெழுத்து. 55 ஆண்டு பழைய ஓர் உள்ளாட்சி அமைப்பைக் கலைக்க நான்கு நாள். எங்கள் நிறுவனம் ஒரு மழைநீர்க் குளத்துக்கு அனுமதி கேட்டால்கூட அதைவிட அதிக நாள் ஆகும், ஆகவும் வேண்டும். அந்தக் குளத்துக்குக் கீழே வீடுகள் இருக்கின்றன.

அந்த வாரம் அலுவலகத்தில் யாரும் மிக்கி மவுஸைப் பற்றிப் பேசவில்லை, கடன் பத்திரங்களைப் பற்றித்தான் பேசினோம். மாவட்டத்தின் பேரில் ஏறக்குறைய 100 கோடி டாலர் கடன் இருந்தது. கலைத்தால் அந்தக் கடன் ஆரஞ்சு, ஆசியோலா ஆகிய இரு கவுண்டிகளின், அதாவது நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதிகளின், தலையில் விழும். அங்கே குடியிருப்பவர்கள் எங்களைப் போன்ற ஆட்கள். 1967 சட்டத்திலேயே, பத்திரம் வாங்கியவர்களின் கடன் முழுதும் தீரும்வரை மாவட்டத்தின் அதிகாரங்களை மாற்றமாட்டோம் என்று மாநிலம் உறுதி கொடுத்திருந்தது. ஃபிட்ச் நிறுவனம் அந்தப் பத்திரங்களின் தரமதிப்பீடு இறங்கலாம் என்று எச்சரித்தது. சட்டமன்றத்தில் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த அறிகுறியே இல்லை. மனைவி கேட்டாள், “நம்ம வீட்டு வரி ஏறுமாங்க?” எனக்குத் தெரிந்தவரை ஏறும் என்றேன். கடைசியில் கலைப்புத் தேதி வருவதற்கு முன்பே சட்டத்தை மாற்றி, மாவட்டத்தையும் கடனையும் அப்படியே வைத்துக்கொண்டு, மாவட்டத்தை நடத்தும் வாரியத்தை மட்டும் கைப்பற்றினார்கள். ஐந்து உறுப்பினர்களும் இனி ஆளுநரின் நியமனம், செனட் ஒப்புதல். 2023 பிப்ரவரியில் நடந்தது இதுதான்.

இங்கே என் மனதில் உள்ளதை மறைக்காமல் சொல்கிறேன். பழைய ஏற்பாடு நியாயமானது என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. வாரியத்தைத் தேர்ந்தெடுக்க நில உரிமையாளர்களுக்கு ஏக்கருக்கு ஒரு ஓட்டு. நிலத்தில் கிட்டத்தட்ட எல்லாமே டிஸ்னியுடையது. வாரிய உறுப்பினர் நில உரிமையாளராக இருக்க வேண்டும் என்பதால் ஆளுக்கு ஐந்து ஏக்கர் சும்மா கிடக்கும் நிலம் அவர்கள் பெயரில் இருக்கும். அதுவும் டிஸ்னியிடமிருந்து வந்த நிலம். 20,000 பேர் வாழும் எதிர்கால நகரம் ஒன்றைக் கட்டப்போகிறோம் என்றுதான் இந்த அதிகாரங்களைக் கேட்டார்கள். வால்ட் டிஸ்னி 1966 டிசம்பரில் இறந்தார். சட்டம் 1967 மே மாதம் வந்தது. அந்த நகரம் வரவேயில்லை. பே லேக், லேக் புவேனா விஸ்டா என்று இரண்டு நகராட்சிகள் உண்டு. இரண்டிலும் சேர்த்துக் குடியிருப்பவர்கள் சில டஜன் பேர். ஒரு நிறுவனம் தனக்குத்தானே கட்டட அனுமதி கொடுத்துக்கொள்வது சரியா என்ற கேள்வியை எந்த அரசும் எப்போது வேண்டுமானாலும் நியாயமாகக் கேட்டிருக்கலாம். ஐம்பது ஆண்டுகளாக இரு கட்சிகளும் கேட்கவில்லை. கேட்டது, அந்த நிறுவனம் பிடிக்காத வார்த்தை பேசிய பிறகு. அதனால் அந்தக் கேள்வியே கறைபட்டுப் போனது என்பதுதான் என் வருத்தம். வரி ஏய்ப்பு என்று கூடச் சிலர் பேசினார்கள். அது உண்மையல்ல. டிஸ்னி கவுண்டிக்கும் வரி கட்டியது, மாவட்டத்துக்குத் தனியாகவும் கட்டியது.

2023 மார்ச் 29 கூட்டத்தில்தான் புதிய வாரியம் ஒரு விஷயத்தை வெளியே சொன்னது. பொறுப்பு கைமாறுவதற்குச் சில வாரம் முன்பு, பிப்ரவரி 8 அன்று, முறையாக விளம்பரம் கொடுத்து நடந்த பொதுக் கூட்டத்தில் பழைய வாரியம் டிஸ்னியோடு ஒப்பந்தம் போட்டிருந்தது. பெரும்பாலான கட்டுமான உரிமைகள் டிஸ்னியிடமே தங்கின. அந்த ஆவணத்தை என் மேசையில் வைத்து வரிவரியாகப் படித்தேன். அதன் காலவரையறை வாசகத்தில் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் சார்லஸ் வருகிறார்! நிரந்தரமாக நீடிக்கும் என்ற விதி செல்லாது என்று தீர்ப்பு வந்தால், ஒப்பந்தத் தேதியில் உயிரோடிருக்கும் அவருடைய வாரிசுகளில் கடைசியாக இறப்பவர் இறந்து 21 ஆண்டு வரை இது நீடிக்கும் என்று இருந்தது. ஒருவர் தன் சொத்தை என்றென்றைக்கும் கட்டிப்போடக் கூடாது என்பது பழைய ஆங்கிலச் சட்டத்தின் கொள்கை. உயிரோடிருக்கும் யாராவது ஒருவரின் ஆயுள், அதன்மேல் 21 ஆண்டு, அவ்வளவுதான் அனுமதி. பிறப்பும் இறப்பும் ஊரறியப் பதிவாகும் குடும்பம் என்பதால் வழக்கறிஞர்கள் அரச குடும்பத்தைப் பிடித்துக்கொள்வார்கள். செய்திகளில் அது வேடிக்கையாகப் போனது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் அமைப்பின் அதிகாரத்தை, ஒரு தலைமுறைக்கு மேல், அடுத்து வருபவர் தொடமுடியாதபடி பூட்டிவிட்டுப் போவது சரியான காரியம் அல்ல. பூட்டியவர்களுக்குக் காரணம் இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஏப்ரல் 26 அன்று புதிய வாரியம் அந்த ஒப்பந்தம் செல்லாது என்றது. அன்றே டிஸ்னி கூட்டாட்சி நீதிமன்றம் போனது. மே 1 அன்று வாரியம் மாநில நீதிமன்றம் போனது. பூங்காவுக்குப் பக்கத்தில் மாநிலச் சிறை கட்டலாமே என்றுகூட ஆளுநர் ஒரு செய்தியாளர் சந்திப்பில் சொன்னார். பக்கத்து நிலத்தின் நீர்மட்டத்தை அளந்து பிழைக்கும் எங்களுக்கு அது வெறும் பேச்சாகப் படவில்லை.

அந்த ஆகஸ்டில் ஒரு வாரியக் கூட்டத்தின் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் திட்டம் ஒன்று நிகழ்ச்சி நிரலில் இருந்ததால் போயிருந்தேன். மாவட்டத்தில் 400 பேருக்கு அருகில் வேலை பார்த்தார்கள். அவர்களுக்கும் ஓய்வு பெற்றவர்களுக்கும் காலங்காலமாக இருந்த பூங்கா இலவச நுழைவும் தள்ளுபடியும் நிறுத்தப்பட்டன. இதற்காக மாவட்டம் கொடுக்கும் பொதுப்பணம் திரும்ப டிஸ்னிக்கே போகிறது என்பது வாரியத்தின் வாதம். பதிலாக ஆண்டுக்கு 3,000 டாலர். கணக்கில் பார்த்தால் வாதத்தில் பிழை இல்லை. ஆனால் ஒலிபெருக்கி முன்னால் வந்து நின்றவர்கள் தீயணைப்பு வீரர்களும் ஓய்வு பெற்றவர்களும். பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவதைப் பற்றிப் பேசினார்கள். தீயணைப்பு வீரர்களின் சங்கம் ஆள் பற்றாக்குறையைச் சொல்லிப் பல ஆண்டு பழைய நிர்வாகத்தோடு மோதியது. அது தீரும் என்ற நம்பிக்கையில்தான் தொடக்கத்தில் ஆளுநர் பக்கம் நின்றது. மேலே யார் உட்காருவது என்ற சண்டையில் கீழே இருப்பவர் எந்தப் பக்கம் நின்றாலும் முதலில் அவர் கையில் இருப்பதுதான் போகிறது. அந்த ஆண்டு பல பழைய ஊழியர்கள் விலகினார்கள். எந்தக் குழாய் எந்த ஆண்டு எங்கே புதைந்தது என்று வரைபடம் பார்க்காமல் சொல்லக்கூடிய ஆட்கள் அப்படிப்பட்டவர்கள்தான்.

வழக்கு 2024 ஜனவரி 31 அன்று கூட்டாட்சி நீதிமன்றத்தில் தள்ளுபடியானது. சட்டம் மேலோட்டத்தில் செல்லக்கூடியதாக இருந்தால், அதை இயற்றியவர்களின் உள்நோக்கத்தை வைத்து அதை வீழ்த்த முடியாது என்றது தீர்ப்பு. மார்ச் மாதம் மாநில வழக்கில் சமரசம் ஆனது. ஜூனில் புதிய 15 ஆண்டு ஒப்பந்தம். 10 முதல் 20 ஆண்டுகளில் 1,700 கோடி டாலர் வரை முதலீடு, ஐந்தாவது பெரிய பூங்காவுக்கும் இடம். எங்களுக்கு மறுபடி வேலை வந்தது. இரண்டாண்டு இரைச்சலுக்குப் பிறகும், ஏக்கருக்கு ஓட்டு என்பது போய் ஆளுநரின் நியமனம் என்று ஆனதே தவிர, அந்த ஓடையின் கீழே குடியிருக்கும் ஒருவருக்குக்கூட வாரியத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு ஓட்டு வரவில்லை.

2022 செப்டம்பர் கடைசியில் அயன் புயல் வந்தபோது ஆசியோலா கவுண்டியில் பல பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் நின்றது. கிஸ்ஸிம்மீ பக்கம் நாங்கள் போட்ட ஒரு குளத்தைப் பார்க்கப் போனவன் முழங்கால் நீரில் திரும்பினேன். பூங்காக்கள் இரண்டு நாள் மூடி 30ஆம் தேதி திறந்துவிட்டன. 2024 அக்டோபரில் மில்டன். 10ஆம் தேதி மூடியிருந்து 11ஆம் தேதி திறந்தன. பெயர் மாறியிருந்தது. வாரியம் மாறியிருந்தது. அன்று பிற்பகல் ஒரு கால்வாய் ஓரம் நின்று அப்பாவுக்குப் படம் அனுப்பினேன். மதகு திறந்திருந்தது, ஒரு படகில் இரண்டு பேர் கொக்கியால் கிளைகளை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து நிமிடத்தில் அவரே கூப்பிட்டார்.

“தண்ணி எத்தனை அடி ஏறுச்சு?”

சொன்னேன்.

“அந்தப் படகுல நிக்கிறவங்க நிரந்தரமா, தினக்கூலியாப்பா?”

“தெரியலப்பா. கேட்டுச் சொல்றேன்.”