ஆர்செனிக் வழியாக ஒரு பாடம்: சீன மரபு மருந்துகளும் புற்றணுக்களின் மரபணு ஒழுங்கும்

பிஎச்.டி. நேர்முகத் தேர்வுக்காகப் புற்றுநோய் உயிரியலைப் படித்தபோது, சீன மரபு மருத்துவப் பொருள்கள் என்ற பகுதியை மூலிகைப் பட்டியலாக மனப்பாடம் செய்யாமல், ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கு மருந்தான ஆர்செனிக் டிரையாக்சைடு ஒன்றை மட்டும் அடிவரை படித்தேன். இப்பாடத்தைத் தொடங்குவோருக்கும் அதையே பரிந்துரைக்கிறேன். மருந்தின் இலக்கு எது, அதனால் எந்த மரபணுக்கள் மாறுகின்றன, நோயாளிக்குக் கிடைக்கும் பயன் என்ன என்ற மூன்று கேள்விகளுக்கும் இந்த அளவுக்கு உறுதியான விடை உள்ள எடுத்துக்காட்டுகள் இத்துறையில் மிகச் சில.

வரலாற்றில் அதிக நேரம் செலவிட வேண்டாம். 1970களில் சீனாவின் ஹார்பினில் ஜாங் திங்தோங் குழுவினர் நாட்டு வைத்தியக் கலவை ஒன்றிலிருந்து ஆர்செனிக் ஊசிமருந்தை உருவாக்கியதும், 1990களில் ஷாங்காயில் சென் ஜு குழுவினர் அது செயல்படும் விதத்தை ஆராய்ந்ததும், 2000இல் அமெரிக்கா அதற்கு ஒப்புதல் அளித்ததும் தெரிந்தால் போதும்.

நேரம் கொடுக்க வேண்டியது செயல்முறைக்குத்தான். வெள்ளணுக்கள் முதிராமல் பெருகும் ரத்தப் புற்றுநோயான அக்யூட் புரோமைலோசைட்டிக் லுக்கீமியாவில் 15, 17ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறுவதால் பிஎம்எல், ரார் ஆல்ஃபா என்ற இரு புரதங்களின் பகுதிகள் ஒட்டிய இணைவுப் புரதம் உருவாகிறது. அது வெள்ளணு முதிர்ச்சிக்குத் தேவையான மரபணுக்களின் மேல் அமர்ந்து, ஹிஸ்டோன் டீஅசெட்டிலேஸ் நொதிகளை அங்கே வரவழைத்து, டிஎன்ஏவும் புரதமும் சேர்ந்த குரோமாட்டினை இறுக்கி, அம்மரபணுக்கள் ஆர்என்ஏவாகப் படியெடுக்கப்படுவதை அடக்குகிறது. வைட்டமின் ஏ வழி மருந்தான ரெட்டினோயிக் அமிலம் இப்புரதத்தின் ரார் ஆல்ஃபா பகுதியில் இணைந்து அந்த அடக்குதலை விலக்குகிறது. ஆர்செனிக்கோ பிஎம்எல் பகுதியிலுள்ள சிஸ்டீன் அமினோ அமிலங்களுடன் பிணைகிறது. அதன்பின் புரதத்தில் சுமோ என்ற சிறு புரதக் குறிகள் சேர, அவற்றை அடையாளம் காணும் ஆர்என்எஃப்4 நொதி சிதைவுக்கான குறியான யுபிக்விட்டினைச் சேர்க்க, அணுவின் புரதச் சிதைப்புக் கூடமான புரோட்டியசோம் அப்புரதத்தைச் சிதைக்கிறது. டிஎன்ஏவைத் தொடாமலேயே ஒரு மருந்து மரபணு ஒழுங்கை மாற்றும் இந்த இடத்தைத்தான் நேர்முகத்தில் என்னிடம் துருவித் துருவிக் கேட்டார்கள். பார்க்காமல் படமாக வரைய முடியும்வரை இதை விடாதீர்கள்.

அடுத்து, செறிவைக் கவனிக்கும் பழக்கம் வேண்டும். ஆர்செனிக் 1 முதல் 2 மைக்ரோமோலார் அளவில் இந்த லுக்கீமியா அணுக்களைத் திட்டமிட்ட தற்கொலைக்கு (அப்போப்டோசிஸ்) தூண்டுகிறது, 0.1 முதல் 0.5 மைக்ரோமோலாரில் ஓரளவு முதிரச் செய்கிறது. சீன மருத்துவத்திலும் நம் சமையலிலும் உள்ள மஞ்சளின் குர்குமின் பற்றிய கட்டுரைகள் பலவற்றில், வாய்வழி உட்கொண்டால் ரத்தத்தில் எட்டவே முடியாத செறிவைத் தட்டில் வளரும் அணுக்களுக்குக் கொடுத்து, நூற்றுக்கணக்கான மரபணுக்கள் மாறியதாகச் சொல்லியிருப்பார்கள். அம்மாற்றம் நேரடி விளைவா, சாகும் அணுவின் பொதுவான பதற்றமா என்று கேட்காமல் எந்த முடிவையும் குறிப்பேட்டில் ஏற்றாதீர்கள்.

மருத்துவப் பயனுக்கு 2013இல் வெளியான ஒப்பீட்டாய்வு ஒன்றே போதும். உயர் அபாயப் பிரிவில் சேராத நோயாளிகளில், ரெட்டினோயிக் அமிலமும் ஆர்செனிக்கும் பெற்றவர்களில் நோய் திரும்புதல் போன்ற பின்னடைவு ஏதுமில்லாத இரண்டாண்டு உயிர்வாழ்வு 97 விழுக்காடு. ரெட்டினோயிக் அமிலத்துடன் வேதிமருந்துகள் பெற்றவர்களில் 86 விழுக்காடு. இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடிய நஞ்சு இது என்பதையும், மருத்துவர்களின் கண்காணிப்பில் மட்டுமே கொடுக்கப்படுகிறது என்பதையும் விடையில் தவறாமல் எழுதுங்கள். இவ்வளவும் கைவந்தபின், ஆர்செனிக் சல்ஃபைடும், சீன மூலிகைகளிலிருந்து வரும் இண்டிருபின், டான்ஷினோன் ஆகியவையும் இதே லுக்கீமியாவில் சேர்ந்து செயல்படுவதை ஆராய்ந்த 2008ஆம் ஆண்டுச் சீன ஆய்வுக்குச் செல்லலாம்.