அமைதியான பவளப்பாறையில் ஸ்கூபா பயிற்சி: எதில் நேரம் செலவிடலாம்?

அலையடங்கிய, வெதுவெதுப்பான நீருள்ள பவளப்பாறைப் பகுதியில் பேடி (PADI) என்ற ஸ்கூபா பயிற்சி அமைப்பின், தொடக்கநிலையினருக்கான ஓப்பன் வாட்டர் பயிற்சியை முடித்தவன் என்ற முறையில், அடுத்துச் சேரவிருப்போருக்குச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். பாடமும் எழுத்துத் தேர்வும், ஆழமில்லாத நீரில் பழகுவதும், கடலில் 4 டைவ்களும் சேர்ந்ததே இப்பயிற்சி. தேர்வில் 75 விழுக்காடு எடுத்தால் போதும் என்பதால் பலர் விடைகளை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள்; அது தாளோடு நின்றுவிடும்.

பாடத்தில் ஊன்றிப் படிக்க வேண்டியது அழுத்தம். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுவதால், மேலே ஒரு லிட்டராக இருக்கும் காற்று 10 மீட்டரில் அரை லிட்டராகவும் 20 மீட்டரில் மூன்றில் ஒரு பங்காகவும் சுருங்குகிறது. மிகப் பெரிய மாற்றம் முதல் 10 மீட்டருக்குள்ளேயே நிகழ்கிறது. காது அடைப்பு தொடக்கத்திலேயே தொல்லை தருவதற்கும், வலி வருமுன்பே மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிச் சமன்செய்யச் சொல்வதற்கும் இதுவே காரணம். மேலேறும்போது காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடக்கூடும் என்பதால்தான் மூச்சை ஒருபோதும் அடக்காதீர்கள் என்பது முதல் விதியாக நிற்கிறது. காற்றுக் கணக்கும் இதிலிருந்தே வருகிறது: ஆழம் கூடக் கூட ஒரே மூச்சுக்குக் கூடுதல் காற்று செலவாகும். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் (ஒரு பார் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்) காற்று இருந்து, 50 பாரை இருப்பாக ஒதுக்கினால், பயன்படுத்த 1,800 லிட்டர் கிடைக்கும். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவருக்கு அது 10 மீட்டரில் 45 நிமிடமும், 18 மீட்டரில் சுமார் 32 நிமிடமும் வரும். இதை ஒருமுறை கைப்படப் போட்டுப் பார்த்தவர் எஞ்சிய காற்றைக் காட்டும் அழுத்தமானியைப் பார்க்க மறக்கமாட்டார்.

செய்முறையில் பலரும் அஞ்சுவது மாஸ்க்கில் புகுந்த நீரை வெளியேற்றுவது. மாஸ்க்கின் மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்தி, மூக்கால் நிதானமாக நீண்ட மூச்சு விட்டபடியே தலையை நிமிர்த்தினால் நீர் கீழ்விளிம்பு வழியே வெளியேறிவிடும். அவசரப்பட்டு ஊதுவதே சிக்கல். நின்றால் தலை வெளியே இருக்கும் நீரில், மாஸ்க் இல்லாமல் ரெகுலேட்டரில் (சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவி) மட்டும் மூச்சுவிட்டுப் பழகியவருக்கு இந்த அச்சம் பெரும்பாலும் விலகிவிடுகிறது.

என் கணிப்பில் அமைதியான இடத்தின் பெரிய ஆதாயம், மிதப்பைப் பழகக் கிடைக்கும் நிதானம். அங்கே நீரோட்டத்தோடு போராட வேண்டியதில்லை; ஆகவே மீன்களை அடுத்த டைவுக்கு விட்டுவிட்டு, மூச்சை இழுத்தால் சற்று உயர்வதையும் விட்டால் சற்றுத் தாழ்வதையும் கவனியுங்கள். மூழ்குவதற்காகக் கட்டிக்கொள்ளும் ஈய எடையைச் சரிபார்க்கையில், டைவ் முடிவில் சிலிண்டரில் காற்று குறைந்து அது இரண்டு கிலோவுக்கு மேல் இலேசாகிவிடும் என்பதைக் கணக்கில் கொள்ளாதவர், மேலேறும் வழியில் 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்க வேண்டிய பாதுகாப்பு நிறுத்தத்தில் மேலே மேலே எழும்பித் தவிப்பார். ஈய எடையை மிகுதியாகக் கட்டியவரோ காலைத் தொங்கவிட்டபடி பவளத்தை உதைப்பார், வளர ஆண்டுகள் பிடித்த கிளை ஓர் உதையில் முறியும்.

தெளிந்த நீருக்கு ஒரு வஞ்சகமும் உண்டு. மாஸ்க் வழியே பார்க்கையில் பொருள்கள் கால் பங்கு அருகிலும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் தெரிவதால், கண் சொல்லும் ஆழத்தை நம்பாமல் ஆழம் காட்டும் கருவியைப் பார்ப்பதே முறை. சான்றிதழ் அனுமதிக்கும் எல்லை 18 மீட்டர்; அதுவும் நீங்கள் பயின்றதைப் போன்ற நீர்நிலைக்கே பொருந்தும். மெல்லிய உடையோடு பழகியவர் குளிர்ந்த கடலுக்குப் போனால், தடித்த உடையின் மிதப்புக்கேற்ப எடையைப் புதிதாகச் சரிபார்க்க வேண்டும். கலங்கிய நீருக்கும் நீரோட்டத்துக்கும் அவ்விடத்து வழிகாட்டி ஒருவருடன் இறங்குவதே தக்கது.