மயிர்க்காலுக்குள் மருந்து: துகள் சின்னதாக இருந்தால் போதுமா?

முடி உதிர்வுக்குத் தலையில் தடவ, கடையில் வாங்கும் 5 சதவீத மினாக்ஸிடில் கரைசலில் மருந்தைக் கரைத்து வைத்திருப்பவை பெரும்பாலும் ஆல்கஹாலும் புரோப்பிலீன் கிளைக்காலும். தடவியதும் ஆல்கஹால் ஆவியாகிவிடும். மருந்தில் ஒரு பகுதி வெள்ளைப் பொடியாகத் தோலின் மேலேயே நின்றுவிடும். அரிப்பு வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது புரோப்பிலீன் கிளைக்காலை. இந்த இரண்டு தொல்லைக்கும் மாற்றாகத்தான் மருந்தை உள்ளே ஏற்றிய கொழுப்பு நானோத் துகளை முயல்கிறார்கள். (எம்ஆர்என்ஏ தடுப்பூசியில் வருவது வேறு ரகம். இது உறைந்த மெழுகு மாதிரியான கொழுப்பு.)

துகள் எவ்வளவு சின்னதோ அவ்வளவு ஆழம் போகும் என்று சீரம் விற்பவர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். பெர்லின் சாரிட்டே மருத்துவமனையில் லாடேமன் குழுவினர் பன்றிக் காதுத் தோலில் சோதித்தபோது, 320 நானோமீட்டர் துகள்கள் மசாஜ் செய்தால்தான் சாதாரணக் கரைசலைவிட ஆழமாக இறங்கின. தடவி அப்படியே விட்டால் பெரிய வித்தியாசமில்லை. முடித்தண்டின் மேல் ஓடு வேய்ந்தாற்போல் செதில்கள் இருக்கின்றன. முடி அசையும்போது அவை துகளை உள்ளே தள்ளுகின்றன என்பது அவர்கள் தரும் விளக்கம். 300 முதல் 600 நானோமீட்டர் வரை இதற்குத் தோதான அளவு. ஆனால் அவை பாலிமர் துகள்கள். மென்மையான கொழுப்பும் அப்படியே நடந்துகொள்ளும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

100 கிராம் தயாரிக்க ஒரு தொடக்க அளவு: பிரெசிரால் (திடக் கொழுப்பு) 3.5 கிராம், ஒலியிக் அமிலம் (திரவக் கொழுப்பு) 1.5 கிராம், துகள்கள் ஒட்டாமல் காக்கும் ‘போலாக்ஸமர் 188’ 2 கிராம், மீதி தண்ணீர். மருந்து, உருகிய கொழுப்பில் கரைகிற அளவுக்கு மட்டும். கொழுப்புப் பக்கத்தையும் தண்ணீர்ப் பக்கத்தையும் தனித்தனியே 70 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கி, வேகமாகக் கலக்கி, 500 பார் அழுத்தத்தில் மூன்று முறை ஹோமோஜெனைசரில் (துகளை நொறுக்கும் கருவி) விட்டு ஆறவைக்க வேண்டும். கூடுதலாக ஓட்டினால் துகள் சிறுப்பதற்குப் பதில் ஒன்றோடொன்று மோதிப் பருத்துவிடுவதும் உண்டு.

சிக்கல் ஆறும்போதுதான். மினாக்ஸிடில் சுடுநீரில் கொஞ்சம் கரையும். ஆறியதும் ஊசி ஊசியாகப் படிகமாகும். வடிகட்டி அளந்தால் அந்தப் படிகமும் 'துகளுக்குள் அடைந்த மருந்து' கணக்கில் சேர்ந்துவிடும். 90 சதவீதம் அடைந்தது என்று யாராவது சொன்னால், படிகத்தைக் காட்டிக்கொடுக்கும் முனைவாக்கிய ஒளி நுண்ணோக்கியில் பார்த்தார்களா என்று கேளுங்கள். வைத்திருக்க வைத்திருக்க, கொழுப்பின் படிக அடுக்கு இறுகி மருந்தை வெளியே தள்ளும். ஒலியிக் அமிலம் சேர்ப்பது அதைத் தாமதப்படுத்தத்தான். முடி உதிர்வுக்கான இன்னொரு மருந்தான, கொழுப்பில் எளிதாகக் கரையும் ஃபினாஸ்டிரைடு இந்த வழிக்கு இன்னும் பொருத்தம்.

மயிர்க்காலில் எவ்வளவு போனது என்று பார்க்க, டேப் ஒட்டி ஒட்டி மேல்தோலை உரித்தபின், சயனோஅக்ரிலேட் பசையை விட்டு, காய்ந்ததும் இழுத்து, அதோடு வரும் மருந்தை அளப்பார்கள். வெட்டியெடுத்த மனிதத் தோல் சுருங்கி மயிர்க்கால் மூடிக்கொள்ளும் என்பதால், குருத்தெலும்பிலிருந்து உரிக்காத பன்றிக் காதே இதற்குச் சரி.