அஞ்சு ரோடும் ஒரு ஓட்டையும்

ஞாயிற்றுக்கிழமை காலை. சேலம் அம்மாப்பேட்டையில் ஒரு வீட்டு ஹால். டிவியின் முதுகில், படமும் சத்தமும் ஒரே ஒயரில் வரும் ஹெச்டிஎம்ஐ ஓட்டை இரண்டே இரண்டு. ஒன்றில் செட்டாப் பாக்ஸ் குடியிருக்கிறது. மிச்சமுள்ள ஒற்றை ஓட்டைக்கு நான்கு கேம் பெட்டிகள் வரிசை: பேரனின் பிஎஸ்4, லீவுக்கு வந்த சித்தி பையனின் நின்டெண்டோ, பரணிலிருந்து இறங்கிய பிஎஸ்2, '999999 இன் 1' கேசட்டோடு ஒரு பழைய டிவி கேம். போலீஸ்காரர் டீ குடிக்கப் போன நேரத்து அஞ்சு ரோடு மாதிரி இருக்கிறது டிவிக்குப் பின்பக்கம்.

அந்தப் போலீஸ்காரர்தான், பல பெட்டிகளில் ஒன்றை மட்டும் டிவிக்கு விடும் ஸ்விட்ச் பாக்ஸ். கடைக்குப் போய் "அண்ணா, ஸ்விட்ச் வேணும்" என்றால் "ஆறு ஆம்பியரா, பதினாறா?" என்பார்கள். "ஹெச்டிஎம்ஐ" என்று சேர்த்துச் சொன்னால் பாதி நேரம் ஸ்பிளிட்டர் கைக்கு வரும். ஒரு மாம்பழத்தை அறுத்து இரண்டு பேருக்குக் கொடுப்பது ஸ்பிளிட்டர். கூடையில் கிடப்பதில் ஒன்றை எடுத்துத் தருவது ஸ்விட்ச். பெட்டியில் ஓட்டையை எண்ணுங்கள்: 'இன்' மூன்று, 'அவுட்' ஒன்று இருந்தால் சரி. 'இன்' ஒன்று, 'அவுட்' இரண்டு என்றால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அடுத்த குழி, ஆட்டோ. 'தானே மாறிக்கொள்ளும்' என்று அட்டையில் பெருமையாகப் போட்டிருப்பார்கள். புதிதாக எது உயிர் பெறுகிறதோ அதற்குத் திரையைத் தூக்கிக் கொடுப்பதுதான் அதன் புத்தி. பேரன் பெனால்ட்டி அடிக்கக் காலைத் தூக்கும் நேரம், சித்தி பையன் கையிலிருந்த நின்டெண்டோவை 'சார்ஜ் போடறேன்' என்று டாக்கில் செருகுவான். கோல் போஸ்ட் போய் மாரியோ கேமின் காளான் வரும். அடிதடி உறுதி. செட்டாப் பாக்ஸையும் இதில் மாட்டினால் இன்னும் மோசம். ஆஃப் செய்த பிறகும் பல செட்டாப் பாக்ஸ்கள் ஹெச்டிஎம்ஐ கம்பியில் 5 வோல்ட்டை விட்டுக்கொண்டே இருக்கும். 'இவன் விழித்திருக்கிறான்' என்று பெட்டி நினைத்து, யாரும் கேட்காத கறுப்புத் திரையைக் காட்டும். ஆகவே பொத்தான் உள்ளதை, அல்லது ஆட்டோவை நிறுத்தும் வசதி உள்ளதை வாங்குவதே புத்திசாலித்தனம்.

பொத்தானை அமுக்கியதும் படம் வராது. இரண்டு மூன்று விநாடி இருட்டு. டிவியும் கேம் பெட்டியும் 'நீ யார், உனக்கு என்ன அளவு படம் பிடிக்கும்' என்று சம்பந்தி விசாரிக்கும் நேரம் அது. பொறுமையில்லாதவர் அதற்குள் இன்னொரு தட்டு தட்டுவார், பெட்டி அடுத்த ஓட்டைக்குப் போய்விடும். மறுபடி தட்டு. இப்படியே அரை மணி நேரம் சுற்றிவிட்டு "பெட்டி டூப்ளிகேட்" என்று தீர்ப்பு சொன்னவர்கள் உண்டு.

தனி பவர் இல்லாத பெட்டிகள் கேம் பெட்டி தரும் அந்த 5 வோல்ட்டையே உறிஞ்சி வாழும். ஹெச்டிஎம்ஐ விதிப்படி அங்கே கிடைப்பது 55 மில்லி ஆம்பியர்தான் நிச்சயம். பெட்டி கொஞ்சம் அதிகம் கேட்டால் படம் விட்டுவிட்டு வரும், வெள்ளைப் புள்ளி மின்னும். பழைய போன் சார்ஜர், 5 வோல்ட் 1 ஆம்பியர், அதில் யூஎஸ்பி ஒயர் செருகும் வசதியுள்ள பெட்டியாக எடுங்கள். ஒயர், கேம் பெட்டியிலிருந்து ஸ்விட்சுக்கு ஒன்றரை மீட்டர், ஸ்விட்சிலிருந்து டிவிக்கு ஒன்றரை மீட்டர் போதும். ஹாலைச் சுற்றி ஒயரைக் கோலம் போடவேண்டாம்.

வேகக் கணக்கு சுலபம். டிவி 1080பி, அதாவது ஃபுல் ஹெச்டி என்றால், விநாடிக்கு 60 ஃபிரேமுக்கு விநாடிக்கு 4.46 ஜிகாபிட் வேகம் போதும், எந்தப் பெட்டியும் தாங்கும். 4கே-யில் 60 ஃபிரேம் என்றால் பெட்டியில் 18 ஜிகாபிட் என்று எழுதியிருக்க வேண்டும். பிஎஸ்5-ல் 120 ஃபிரேம் வேண்டுமென்றால் டிவியிலேயே நேராகச் செருகிவிடுங்கள்.

இனி பரண்வாசிகள். பிஎஸ்2-வும் டிவி கேமும் மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனை கொண்ட ஏவி ஒயர் வம்சம். இவர்களுக்குப் பேட்டரியும் கரண்டும் கேட்காத பழைய ஏவி செலக்டர் பெட்டியே போதும். அதன் பொத்தான்கள் கறாரானவை: ஒன்றை அமுக்கினால் மற்றது வெளியே வரும். ஒன்றை அரைகுறையாக அமுக்கினால் எல்லாமே வெளியே வந்து, டிவி நீலமாக நிற்கும். மட்டமான பெட்டியில் மாட்டிய இரண்டு கேமும் ஆனில் இருந்தால் ஒன்றின் படத்துக்குப் பின்னால் மற்றது பேய் மாதிரி நிழலாடும். உள்ளே தகடுகள் நெருக்கி உட்கார்ந்திருக்கின்றன, நடுவில் மறைப்பு இல்லை, அவ்வளவுதான் காரணம். ஆடாததை ஆஃப் செய்தால் பேய் போய்விடும். ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் ஒரு பருவம் கிடந்த பெட்டியென்றால் ஒரு பக்கச் சத்தம் காணாமல் போகும். எல்லாவற்றையும் ஆஃப் செய்து, ஒவ்வொரு பொத்தானையும் இருபது முப்பது தடவை அமுக்கி எடுங்கள், போகாவிட்டால் கான்டாக்ட் கிளீனர். தேங்காய் எண்ணெய் விடச் சொல்லும் பெரியப்பாவைப் பக்கத்தில் சேர்க்காதீர்கள்.

இந்த ஏவி பெட்டியின் அவுட்டை, ஏவி-யை ஹெச்டிஎம்ஐ ஆக்கும் ஒரு கன்வெர்ட்டரில் விட்டு, அங்கிருந்து ஹெச்டிஎம்ஐ ஸ்விட்சின் மூன்றாவது ஓட்டைக்குக் கொண்டுபோகலாம். ஆக, ஸ்விட்ச் பெட்டி இரண்டு. 'ஏவி டூ ஹெச்டிஎம்ஐ', 'ஹெச்டிஎம்ஐ டூ ஏவி' இரண்டு கன்வெர்ட்டரும் ஒரே அளவு, ஒரே நிறம், இரட்டைப் பிள்ளைகள். எழுத்து எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறது என்று கடையிலேயே படியுங்கள். தவறானதை வாங்கினால் அது எரியாது, புகையாது, சும்மா உட்கார்ந்திருக்கும். சரியானதை வாங்கினாலும் படம் ஒரு நொடித்துளி தாமதமாகத்தான் வரும். குதிக்கிற ஆட்டத்தில் பள்ளத்தில் விழுந்தால் பாதிப் பழி கன்வெர்ட்டருக்கு.

செட்டாப் பாக்ஸ் தன் ஓட்டையிலேயே தனியாக இருக்கட்டும். ஆனால் பல டிவிகள் கடைசியாக ஆடிய இடத்திலேயே மறுபடி விழிக்கும். சீரியல் நேரத்தில் அம்மாயி ரிமோட்டை எடுத்தால் ஹாலில் 'சிக்னல் இல்லை' மட்டும் மிதந்துகொண்டிருக்கும். ரிமோட்டில் சோர்ஸ் பொத்தான் மேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி, அமுக்கிக் காட்டிவிடுங்கள். முதல் நாள் ஒழுங்காக நடக்கும். மறுநாள் அவசரமாகக் கல்யாணத்துக்குக் கிளம்பும்போது, "கண்ணு, அந்த ரிமோட்டுல ஒரு பொட்டு இருந்துச்சே" என்று அதை உரித்துக்கொண்டு போய்விடுவார்.